ரேடியல் ரோட்டுல ஒரு ரன்வே

ராத்திரியில சின்ன ப்ளேன் ஓட்டுறதுங்கறது, கண்ண நல்லா தொறந்து வெச்சுகிட்டு அந்தக் கண்ண மட்டும் நம்பாம இருக்கக் கத்துக்கிற தொழில்.

நீங்களும் எங்கயாவது சேந்து படிச்சு, கேள்வி கேட்டதுக்காக "ஆட்டிட்யூட் சரியில்ல"ன்னு பேர் வாங்கினவங்களா இருந்தா, இது உங்களுக்குத்தான். ப்ளேனாத்தான் இருக்கணும்னு இல்ல. நர்சிங்கா இருக்கலாம், சி.ஏ.வா இருக்கலாம், கடுப்பு ஒண்ணுதான். நான் ஜெனி, மாடம்பாக்கம். மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல பெரிய ப்ளேன் எதுவும் எட்டிப் பாக்காத ஒரு மூலையில ஒரு தகர ஹேங்கர் இருக்கு. அதுதான் எங்க ஃப்ளையிங் ஸ்கூல். பேர சொல்ல மாட்டேன், சொன்னா அதுக்கும் ஒரு மெமோ வரும். லைசென்ஸ் வேணும்னா ராத்திரியிலயும் ஓட்டிக் காட்டணும். அதுலயும் கொஞ்ச நேரம் தனியா, பக்கத்து சீட்டு காலியா இருக்க ஓட்டணும். அதுக்குப் பேரு நைட் சோலோ. அந்த நைட் சோலோவுக்காக நானும் என் பாட்ச்மேட் ரியாஸும் பட்ட பாடு தான் கீழ இருக்கறது.

செவப்பு டார்ச்

எங்க ஸ்கூல்ல ராத்திரிக்கு லாயக்கான ப்ளேன் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு சீட்டு, ஒரு இன்ஜின். முன்னாடி மீட்டருங்கள காட்டுற லைட்டு ஒரு நாள் எரியும், ஒரு நாள் மூடு சரியில்லன்னு படுத்துடும். அதனால இங்க ஒரு பழக்கம். நைட் ஃப்ளையிங் ஆரம்பிக்கிற பாட்ச்சு ஆளுக்கொரு டார்ச் வாங்கி, மூஞ்சில செவப்பு கண்ணாடி பேப்பர் ஒட்டி, கழுத்துல மாட்டிக்கணும். வெள்ள லைட்டு கண்ணுல பட்டா அப்புறம் இருட்டுல ஒண்ணும் தெரியாது, செவப்புன்னா பரவாயில்ல. இத ஸ்கூல் வாங்கித் தராதான்னு நான் கேட்டேன். அதுதான் என் மொத கேள்வி. மொத ஆட்டிட்யூடும் அதுதான்.

நானும் ரியாஸும் பல்லாவரம் வெள்ளிக்கெழம சந்தைக்குப் போனோம். பழைய மிக்ஸி, ஒத்தக் கால் நாற்காலி, மீன் தொட்டி எல்லாத்துக்கும் நடுவுல ஒரு டார்ச் கடை. நான் ஒவ்வொண்ணா தட்டித் தட்டி எரிய வெச்சுப் பாக்கறத பாத்து கடைக்காரர், எதுக்குமா இப்டி டெஸ்ட் பண்றன்னு கேட்டாரு. ரியாஸ் பெருமையா, ப்ளேன் ஓட்டறதுக்குன்னான். அவர் ஒரு நிமிஷம் எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு.

"ப்ளேனுக்கா? அப்போ ரெண்டா வாங்கிக்கோ பாப்பா. இது டக்குன்னு நின்னுடும்."

நகைக்கடை

மொத தடவ ராத்திரி மேல போனப்போ பக்கத்து சீட்டுல கேப்டன். எங்க இன்ஸ்ட்ரக்டர், எங்க எல்லாருக்கும் அவர் பேரு கேப்டன் தான், அவர் பொண்டாட்டிக்கும் அதுதான்னு ரியாஸ் சொல்லுவான். பெரிய ப்ளேன் ரெண்டுக்கு நடுவுல கெடச்ச சந்துல டவர் எங்கள விட்டுச்சு. சக்கரம் தரைய விட்ட அடுத்த நொடி, பல்லாவரம் கீழ கவுந்து கெடக்குது.

பகல்ல நான் திட்டாத ஒரு இடம் கூட அந்த ஏரியாவுல கெடையாது. குரோம்பேட்ட டிராஃபிக்க திட்டியிருக்கேன், தாம்பரம் பஸ் ஸ்டாண்ட திட்டியிருக்கேன். மேலேர்ந்து பாத்தா அது எதுவுமே இல்ல, ஊரே ஒரு நகைக்கடை. ஜி.எஸ்.டி. ரோடு ஒரு பக்கம் வெள்ளையும் ஒரு பக்கம் செவப்புமா ஓடுது. பக்கத்துலயே எலக்ட்ரிக் ட்ரெயின், ஜன்னல் ஜன்னலா, யாரோ மணி கோத்து மெதுவா இழுக்கற மாதிரி. பல்லாவரம் மலை உச்சியில ஒரு செவப்பு லைட்டு. அதுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், சுத்தி அவ்ளோ வெளிச்சம் இருந்தும் அது மட்டும் கிழிச்சு எடுத்த மாதிரி கறுப்பா. எனக்குப் பேச்சே வரல. எனக்கே பேச்சு வரலன்னா என்ன அர்த்தம்னு என்ன தெரிஞ்சவங்கள கேட்டுப் பாருங்க. சார், ரொம்ப அழகா இருக்குன்னு மட்டும் சொன்னேன்.

"அழகா இருக்குன்னு ஃபீல் பண்ற செகண்ட்ல தாம்மா எறங்கிகிட்டு இருப்ப. ஹைட்ட பாரு."

பாத்தேன். எறங்கிகிட்டு தான் இருந்தோம்.

பொய் சொல்ற ஒடம்பு

நீலாங்கர தாண்டி கடல் மேல போனா மேலயும் கறுப்பு, கீழயும் கறுப்பு. மீன்புடி போட்டுல எரியற லைட்டும் நட்சத்திரமும் ஒரே சைஸு. அங்க கொஞ்சம் கொஞ்சமா ப்ளேன் சாஞ்சுகிட்டே போனா ஒடம்புக்குத் தெரியாது. நேரா உக்காந்திருக்கோம்னு தான் காது சொல்லும், வயிறு சொல்லும், முதுகு சொல்லும். மீட்டர் மட்டும், இல்லம்மா, நீ சாஞ்சுட்டேங்கும். மீட்டர நம்பி நேர் பண்ணா, இப்ப தான் கவுந்துட்டோம்னு ஒடம்பு கத்தும். வேர்த்து ஊத்தும். நான் நெனைக்கறது தான் சரின்னு பொறந்ததுலேர்ந்து சண்ட போட்டுகிட்டு இருக்கற எனக்கு, அந்தக் கடல் மேல என்கூடவே சண்ட போட வேண்டியதா போச்சு.

எறங்கி வந்து ரியாஸ்கிட்ட சொன்னேன். அவனுக்கும் அதே கத தான். பல்லாவரத்துல தோல் பேக் கடை வெச்சிருக்கற குடும்பம் அவனோடது, அந்தத் தெருவுலயே மொதல்ல மேல பறந்தவன் அவன். எதுக்கும் கோவப்பட மாட்டான், அதுக்கே எனக்குக் கோவம் வரும். சட்ட பட்டன போட்டு போட்டுக் கழட்டிகிட்டு இருந்தான்.

"மச்சி, நீ அதுகூட ஆர்க்யூ பண்ணி ஜெயிச்சியா, இல்ல அது ஜெயிச்சுதா?"

மொட்டமாடி லைட்டு

எங்க சர்க்யூட்டு, அதாவது ஏறி சுத்தி வந்து எறங்கற வட்டம், பல்லாவரம் மேல தான் திரும்பும். என் வீட்டு மேல வராது, தாம்பரம் பக்கம் ஏர்ஃபோர்ஸ் ஏரியா, அங்க மூக்க நீட்டக் கூடாது. அதனால வீட்டுக்கு சிக்னல் குடுக்கற சொகம் ரியாஸுக்கு மட்டும் தான். அவன் அம்மா, கடை கோடவுன்லேர்ந்து ஒரு பெரிய ஃபோகஸ் லைட்ட கழட்டிட்டு வந்து மொட்டமாடியில மாட்டியிருந்தாங்க. சின்ன ப்ளேன் சத்தம் கேட்டா அத மூணு தடவ போட்டு அணைப்பாங்க. ரியாஸ் மேலேர்ந்து ப்ளேனோட லேண்டிங் லைட்ட மூணு தடவ போட்டு அணைப்பான். கேப்டனுக்குத் தெரியும், திட்டுவாரு, ஆனா அந்த நேரம் பாத்து அந்தப் பக்கம் திரும்பிப்பாரு. அது ஒண்ணு தான் அந்தாள்கிட்ட நான் பாத்த நல்ல பழக்கம்.

ஒரு நாள் அவன் வீட்ல சாப்பிட உக்காந்தப்போ அம்மாகிட்ட கேட்டேன், பயமா இல்லயான்னு. தோசைக்கரண்டிய கையில வெச்சுகிட்டே சொன்னாங்க.

"பயந்து நான் என்னமா பண்ணப் போறேன். அது திருப்பி மினுக்கிடுச்சுன்னா வந்துடுவான்னு அர்த்தம், நான் கீழ எறங்கி வந்து அடுப்புல தோசக்கல்ல போட்டுடுவேன்."

என் ரன்வே

இப்ப தான் விஷயம். கடல் பக்கம் போயிட்டு திரும்பி வரும்போது, பள்ளிக்கரணை இருட்டு வரும், அதுக்கு அப்புறம் வீடுங்க, அப்புறம் பல்லாவரம் மலை, அதுக்குப் பின்னாடி ரன்வே. அன்னைக்கு குப்பமேட்டுல எங்கயோ தீப்புடிச்சு பொக. மலைக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியல. திடீர்னு கண்ணு முன்னாடி ரன்வே. ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளியில வெள்ள லைட்டு, நேரா, சுத்தி கறுப்பு. புஸ்தகத்துல போட்ட படம் மாதிரி. நான் ரொம்ப சந்தோஷமா அத பாத்து திருப்பி எறங்க ஆரம்பிச்சேன். கேப்டன் என் கைய தட்டிவிட்டு ப்ளேன வாங்கிகிட்டாரு.

அது ரேடியல் ரோடு. பல்லாவரத்துலேர்ந்து துரைப்பாக்கம் போற அதே ரோடு தான், சதுப்பு நிலத்துக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் எல்.இ.டி. கம்பம். நம்ம ரன்வே எந்தப் பக்கம் பாத்து படுத்திருக்கோ, கிட்டத்தட்ட அதே பக்கம் பாத்து இதுவும் படுத்திருக்கு. நான் அந்த ரோட்டுல எத்தனையோ தடவ ஸ்கூட்டியில போயிருக்கேன், எனக்கே தெரியல. கீழ எறங்கினதும் கேட்டேன். சார், எனக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க, சோலோவுல யார் இருப்பா, இத பிரீஃபிங்ல சொல்லணும், மேப்ல குறிக்கணும்னு. அவர் ஹெட்செட்ட சுத்திகிட்டே நடந்தாரு. நான் பின்னாடியே போய் திரும்பக் கேட்டேன். அதுக்கப்புறம் என் சோலோ தள்ளிப் போச்சு, லிஸ்ட்ல ரியாஸ் எனக்கு முன்னாடி வந்துட்டான்.

"ரோடுக்கும் ரன்வேக்கும் வித்தியாசம் தெரியலன்னா நீ ஸ்கூட்டியே ஓட்டும்மா."

ரெட் மார்க்கர்

சொன்னா கேக்க மாட்டாங்கன்னா வரைஞ்சு தான் ஆகணும். பிரீஃபிங் ரூம் வெள்ள போர்டுல ரெட் மார்க்கர்ல படம் போட்டேன். சதுப்பு நிலம், ரேடியல் ரோடு, பல்லாவரம் மலை, ரன்வே. ரோட்டுக்கு மேல பெருசா ஒரு பெருக்கல் குறி. 'மலை மேல இருக்கற செவப்பு லைட்ட தாண்டாம எது தெரிஞ்சாலும் அது ரன்வே இல்ல'ன்னு கீழ எழுதினேன். காலையில வந்து பாத்தா போர்டு சுத்தமா இருந்துச்சு. திரும்ப வரைஞ்சேன். திரும்ப அழிச்சாங்க. இப்டியே போச்சு. நான் விடல, அவங்களும் விடல.

யார் அழிக்கறதுன்னு ஒரு நாள் சீக்கிரமே வந்து உக்காந்தேன். ஆபீஸ் மேனேஜர் தான், டஸ்டரோட வந்தாரு. என்ன பாத்து கொஞ்சம் கூட வெக்கப்படல. அழிச்சுகிட்டே, ரொம்ப பொறுமையா, கொழந்தைக்கு சொல்ற மாதிரி சொன்னாரு.

"அட்மிஷன் டைம்மா, பேரண்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. இந்த ரோடு படத்த எல்லாம் உன் நோட்ல வரைஞ்சுக்கோ."

பஸ் ஸ்டாப்

ரியாஸோட நைட் சோலோ அன்னைக்கும் பொக. போகாதன்னேன். கேப்டன் ஓகே சொல்லிட்டாரு, நான் மாட்டேன்னா நெக்ஸ்ட் சான்ஸ் எப்போ வருமோன்னான். அதுவும் நெஜம் தான், உங்களுக்குத் தெரியும், நம்ம மாதிரி எடத்துல முடியாதுன்னு ஒரு தடவ சொன்னவனுக்கு மறுபடி வரிசையே வராது. டார்ச்ச மாட்டிகிட்டு போனான். செவப்பு லைட்டுக்கு முன்னாடி தெரிஞ்சா ரோடு, அதத் தாண்டினா தான் ரன்வேன்னு நான் பின்னாடியே கத்தினேன். இன்ஜின் சத்தத்துல கேட்டுச்சா தெரியாது.

நான் ஹேங்கர் வாசல்ல ஸ்கூல் ரேடியோவ காதுல வெச்சுகிட்டு நின்னேன். கேப்டன் பக்கத்துல டீ குடிச்சுகிட்டு. கடல் பக்கம் போயிட்டு திரும்பிட்டான். ரன்வே தெரியுதான்னு டவர் கேட்டாங்க. தெரியுதுன்னு அவன் குரல், ரொம்ப நிம்மதியா. நான் வானத்த பாத்தேன், மலைப்பக்கம் ப்ளேன் லைட்டே இல்ல. டவர் திரும்ப, நீங்க ரொம்ப எடது பக்கம் இருக்கீங்க, ரொம்ப கீழ இருக்கீங்க, ரன்வேய உறுதி பண்ணுங்கன்னாங்க. கேப்டன் டீ கப்ப கீழ வெச்சாரு. ரேடியோவுல வெறும் இரைச்சல். அந்த இரைச்சல நான் இப்பவும் தூக்கத்துல கேக்கறேன். அப்புறம், மேல ஏறுறேன்னு ஒரு குரல். ரியாஸோட குரல்னு சொன்னா தான் தெரியும்.

சுத்தி வந்து ஒழுங்கா எறக்கினான். ப்ளேன்ல ஒரு கீறல் இல்ல. கேப்டன் அவன் தோள தட்டி, எறங்காம மேல ஏத்திட்டியே, நல்ல கோ-அரவுண்டு, வீட்டுக்குப் போய் தூங்குன்னு சொல்லிட்டு கெளம்பிட்டாரு. மொத சோலோ முடிச்சவன் மேல பக்கெட் தண்ணி ஊத்தறது எங்க வழக்கம். தண்ணி ரெடியா இருந்துச்சு. யாரும் ஊத்தல, அவன் சட்ட ஏற்கனவே பிழியற மாதிரி தான் இருந்துச்சு. சக்கரத்து மேல உக்காந்துகிட்டு என்ன நிமிந்து பாத்தான்.

"ஜெனி, ரன்வேல பஸ் ஸ்டாப் இருந்துச்சு."

ராங் சைடு

மறுநாள் நான் ஸ்கூட்டிய எடுத்துகிட்டு ரேடியல் ரோடுக்கே போனேன். எவ்ளோ கீழ வந்தான்னு தெரியணும். பகல்ல பாத்தா அது சாதாரண ரோடு. தண்ணி லாரி, ஷேர் ஆட்டோ, அந்தப் பக்கம் தண்ணியில நார, கொக்கு. அந்த பஸ் ஸ்டாப்பு பக்கத்துல ராத்திரியும் எளநி கடை போடற ஒருத்தர் இருந்தாரு. ஒரு எளநி வாங்கிகிட்டு, அண்ணா, நேத்து ராத்திரி ப்ளேன் ஒண்ணு ரொம்ப கீழ வந்துச்சான்னு கேட்டேன்.

அவர் சீவிகிட்டு இருந்த கைய நிறுத்தல. கம்பத்த காட்டினாரு, அந்த ஒயரத்துக்குன்னாரு. நான் கம்பத்தையே பாத்துகிட்டு நின்னேன்.

"ஆமா பாப்பா, லைட்ட போட்டுகினு நேரா என்ன பாத்து வந்துகினே கீது. எவனோ லாரிய ராங் சைடுல ஓட்டிகினு வர்றான்னு நென்ச்சு நான் கெட்ட வார்த்தையில திட்டிகினு இருந்தேன்."

யாரோட லைஃப்

இந்த மாதிரி நடந்தா ஏவியேஷன் ஆபீஸுக்கு எழுதிக் குடுக்கணும். சட்டம். தப்பு பண்ணவன புடிக்க இல்ல, அடுத்தவன் அதே தப்ப பண்ணாம இருக்க. கேப்டன்கிட்ட போனேன். ஒண்ணும் ஆகல, ஃபைல் க்ளோஸ்னாரு. ஃபைலே ஓப்பன் பண்ணலயே, எப்டி சார் க்ளோஸ் பண்ணீங்கன்னேன். வெளிய போன்னாரு. போனேன், நேரா கம்ப்யூட்டர் முன்னாடி.

ரியாஸ் வந்து கெஞ்சினான். வேணாம் ஜெனி, என்ன நிறுத்திடுவாங்கன்னான். உன் பேர் போட மாட்டேன், ரோட்ட பத்தி மட்டும் தான் எழுதுவேன், அடுத்த பாட்ச்சு பசங்க அந்த பஸ் ஸ்டாப்ல எறங்குவாங்கடான்னேன். பேர் போடாம தான் எழுதினேன். இருக்கறது ஒரு ப்ளேன், அந்த ராத்திரி போனது ஒரு சோலோ. பேர் போட்டா என்ன, போடாட்டி என்ன. இது அவனுக்குப் புரிஞ்சுது, எனக்கும் புரிஞ்சுது. இருந்தும் அனுப்பினேன். இப்ப கேட்டாலும் அனுப்புவேன்னு தான் சொல்லுவேன். கோவமே வராதவன், கோவமே இல்லாம தான் கேட்டான்.

"நீ சொன்னது சரின்னு காட்டறதுக்கு என் லைஃப் தான் கெடச்சுதா?"

விசாரணை

ஏசி ரூம். மேஜைக்கு அந்தப் பக்கம் வெளியிலேர்ந்து வந்த ரெண்டு பெரிய மனுஷங்க, இந்தப் பக்கம் கேப்டன், மேனேஜர், ரியாஸ், ஓரத்துல நான். வந்தவங்க நல்லா தான் கேட்டாங்க. இந்த ரோடு ஒரு ஆபத்துன்னு ஸ்கூலுக்கு முன்னாடியே தெரியுமா, ஸ்டூடண்ட்ஸுக்கு சொல்லியிருந்தீங்களான்னு. எனக்கு உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. மாட்டினீங்கடான்னு நெனச்சேன்.

மேனேஜர் ஃபோன எடுத்தாரு. ஒரு ஃபோட்டோவ காட்டினாரு. எங்க பிரீஃபிங் ரூம் போர்டு. சதுப்பு நிலம், ரோடு, மலை, ரன்வே, பெருக்கல் குறி. என் கையெழுத்து. அழிக்கறதுக்கு முன்னாடி என்னைக்கோ எடுத்து வெச்சிருக்கான் மனுஷன், என் மேல கம்ப்ளைண்ட் பண்றதுக்கு எடுத்தானோ என்னவோ. நான் எழுந்து நின்னு கத்தினேன், அத வரைஞ்சது நான், தெனமும் அழிச்சது இவரு, டஸ்டரோட பாத்தேன்னு. உக்காருங்கன்னாங்க. உக்காரலன்னேன். பாத்தீங்களா சார், ஆட்டிட்யூடுன்னு கேப்டன் அவங்கள பாத்து பரிதாபமா சிரிச்சாரு. ரியாஸ் தலைய தூக்கவே இல்ல. எச்சரிக்க பண்ணியும் ட்ரெய்னி கவனிக்கலன்னு முடிவாச்சு. மறுபடி செக்னு ஒரு டெஸ்ட்டு, அத ஓட்டிக் காட்டற வரைக்கும் அவன் தனியா ஓட்டக் கூடாது, செக் எடுக்க ஸ்கூல் ஸ்லாட் குடுக்கணும், ஸ்கூல் குடுக்காது. அவ்ளோ தான். அந்த ஃபோட்டோவ அவங்க முன்னாடி வெச்சப்போ கேப்டன் சொன்னது இது, ஒரு எழுத்து மாத்தல.

"போர்டுலயே வரைஞ்சு காட்டியிருக்கோம் சார், ரெட் மார்க்கர்ல."

திரிசூலம் ப்ளாட்ஃபார்ம்

நான் தாம்பரத்துல ட்ரெயின் ஏறி திரிசூலத்துல எறங்கி தான் ஏர்போர்ட்டுக்குப் போவேன். நைட் ஃப்ளையிங் இருந்த ஒரு நாள் சாயங்காலம் எறங்கறேன், ப்ளாட்ஃபார்ம் பெஞ்சுல ரியாஸ். வெள்ள சட்ட, தோள்ல பட்ட, பேகு, எல்லாம் இருக்கு. கழுத்துல டார்ச் கூட. ஒரு செகண்டு எனக்குத் திரும்ப சேத்துகிட்டாங்களோன்னு ஆசை வந்துடுச்சு. வீட்ல இன்னும் சொல்லலயாம். ஃப்ளையிங் இருக்கற ராத்திரி எல்லாம் இங்க வந்து உக்காந்துட்டு, கடைசியில வீட்டுக்குப் போவானாம். அம்மா லைட்ட போட்டும் ப்ளேன் ஏன் மினுக்கலன்னு கேட்டதுக்கு, ப்ளேன்ல அந்த லைட்டு ரிப்பேருன்னு சொல்லி வெச்சிருக்கான்.

நான் வந்து சொல்லட்டுமா அம்மாகிட்டன்னு கேட்டேன். நீ சொன்னது எல்லாம் போதும்னான். அவன் என்கிட்ட பேசினதே பெருசு. ஷூவ மட்டும் பாத்தேன், கண்ணாடி மாதிரி.

"பாலிஷ் போடாம கெளம்பினா அம்மாவுக்கு டவுட் வந்துடும் மச்சி."

என் சோலோ

என்ன தள்ளிப் போட்டுகிட்டே இருந்தா இன்னொரு லெட்டர் எழுதுவேன்னு அவங்களுக்குப் பயம். சோலோ குடுத்துட்டாங்க. அன்னைக்குப் பொக இல்ல. பக்கத்து சீட்டு காலி. ஆளில்லாத சீட்டு பெல்ட்ட இறுக்கிக் கட்டி வெக்கணும், கட்டினேன். மேல போனேன். நகைக்கடை அப்டியே தான் இருந்துச்சு. மீட்டரு லைட்டு பாதியில படுத்துச்சு, டார்ச்ச வாயில கடிச்சுகிட்டேன். ரேடியல் ரோடு வந்துச்சு, அவ்ளோ அழகா, வா வான்னு. அத பாத்து நானும் எளநிக்காரர் திட்டின கெட்ட வார்த்தையெல்லாம் திட்டினேன், டார்ச்சோட சேத்து. மலை லைட்ட தாண்டினேன், நெஜ ரன்வே வந்துச்சு, எறக்கினேன், திரும்ப ஏத்தினேன்.

ரெண்டாவது தடவ பல்லாவரம் மேல திரும்பும்போது கீழ ஒரு லைட்டு. போட்டு அணைஞ்சுது, போட்டு அணைஞ்சுது, போட்டு அணைஞ்சுது. எனக்கு இது வரும்னு தோணவே இல்ல. எவ்ளோ படிச்சேன், எவ்ளோ சண்ட போட்டேன், இது மட்டும் பிரீஃபிங்ல இல்ல. மினுக்கலன்னா அந்தம்மா அங்கயே நிப்பாங்க. மினுக்கினா அவன் பொய்க்கு நான் மேலேர்ந்து கையெழுத்து போட்டுக் குடுக்கறேன். அவன் திரிசூலத்துல பெஞ்சுல உக்காந்து இதே சத்தத்த கேட்டுகிட்டு இருப்பான். ப்ளேன் திரும்பி முடிக்கற அளவு தான் டைம் இருந்துச்சு. உண்மை பேசணும்னு ஊரயே கிழிச்ச நான், லேண்டிங் லைட்டு ஸ்விட்ச்ச மூணு தடவ போட்டு அணைச்சேன்.

என் மேல தண்ணி ஊத்தினாங்க. கேப்டன் கை குடுத்தாரு, நான் குடுக்கல. காலையில ரியாஸ்கிட்டேர்ந்து வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ். விசாரணைக்கு அப்புறம் அவனா அனுப்பின மொத மெசேஜ் அது. பின்னாடி தோசக்கல்லுல தண்ணி தெளிக்கற சத்தம் கேக்குது.

"ப்ளேன் லைட்ட சரி பண்ணிட்டாங்களான்னு அம்மா கேட்டாங்க, ஆமான்னுட்டேன். நேத்து ரொம்ப ஸ்மூத்தா ஓட்டினேனாம்."

லைசென்ஸ்னு ஒண்ணு வந்தா அதுல என் பேரு தான் இருக்கும், ஆனா பல்லாவரத்துல ஒரு மொட்டமாடிக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த ப்ளேன இன்னைக்கும் ரியாஸ் தான் ஓட்டிகிட்டு இருக்கான்.